கிட்டார் பக்கம், வாசகர் கேள்வி பதில்: 15 வாட் வால்வு ஆம்ப் – சத்தம் போதாதா, அதிகமா?

போன இதழில், தென்னாப்பிரிக்காவில் நம் கடைகளுக்குப் புதிதாக வந்திருக்கும் 15 வாட் வால்வு (வெற்றிடக் குழாய்) காம்போ ஆம்ப்களைப் பற்றி எழுதியிருந்தோம். காம்போ என்றால் ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில். பவர் பகுதியில் இரண்டு ஈஎல்84 வால்வு, முன்பகுதியில் மூன்று ஈசிசி83 வால்வு, ஒரே ஒரு 12 அங்குல ஸ்பீக்கர், ஸ்பிரிங் ரிவெர்ப், மாஸ்டர் வால்யூம். பெட்டியின் மேலுள்ள பெயர் மாறினாலும் உள்ளே இருப்பது ஏறக்குறைய இதுதான். எழுதிய வாசகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். “சத்தம் போதவே போதாது” என்கிறது ஒரு கட்சி. “வீட்டில் வைத்து வாசிக்க முடியாத சத்தம்” என்கிறது இன்னொன்று. இருவர் சொல்வதும் உண்மை. ஆனால் இருவருமே ஆம்ப்பைக் குறை சொல்லுமுன் பார்க்க வேண்டியவை சில இருக்கின்றன: ஸ்பீக்கர், சுவரிலிருந்து வரும் மின்சாரம், குமிழ்கள் நிற்கும் இடம்.

கேள்வி: கல்யாண மண்டபங்களில் டிரம்ஸ், கீபோர்டு, இரண்டு பாடகர்களோடு வாசிக்கிறோம். வால்யூமை ஏற்றினால் சத்தம் கூடுவதற்குப் பதில் கரகரப்புதான் கூடுகிறது. 40 வாட் ஆம்ப் வாங்கினால் மூன்று மடங்கு சத்தம் வருமா? (சாட்ஸ்வர்த் வாசகர்)

வராது. 15 வாட்டிலிருந்து 40 வாட்டுக்குப் போனால் கூடுவது 4 டெசிபலுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகப் படவேண்டுமானால் 10 டெசிபல் கூடவேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. 15 வாட்டுக்கு 150 வாட். அப்படி ஒரு வால்வு ஆம்ப்பை மண்டபப் படியில் தூக்கிக்கொண்டு ஏற யாரும் விரும்பமாட்டார்கள்.

உங்களுக்குக் குறைவது சத்தம் அல்ல, சுத்தமான சத்தம். கெயின் குமிழை 7இல் வைத்து மாஸ்டரை 4இல் வைத்தால், கரகரப்பு முன்பகுதியிலுள்ள ஈசிசி83இலேயே பிறந்துவிடுகிறது. அதன் பிறகு மாஸ்டரை எவ்வளவு திருப்பினாலும் கரகரத்த ஒலிதான் பெரிதாகும். அதைத் தலைகீழாக்குங்கள். மாஸ்டரை முழுக்க ஏற்றி, கெயினை 1இலிருந்து மெதுவாகக் கூட்டுங்கள். கம்பியைப் பலமாக அடித்தால் ஒலி லேசாக உடைகிற, அதாவது கரகரக்கிற, இடம் எது என்று பார்த்து, அதற்கு ஒரு கோடு கீழே நிறுத்துங்கள். ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப் என்றால் அந்த இடம் 3க்கு முன்னாலேயே வந்துவிடும். பிக்கப்பைக் கம்பியிலிருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இறக்கினால் இன்னும் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

அடுத்தது பேஸ். குறைந்த ஸ்வரங்கள்தான் வாட்டை விழுங்குகின்றன. வீட்டில் தனியாக வாசிக்கும்போது 7இல் இனிமையாக இருந்த பேஸ் குமிழ், பேஸ் கிட்டாரும் கீபோர்டின் இடது கையும் சேர்ந்த மேடையில் யாருக்கும் கேட்காது. ஆனால் பவர் வால்வுகளின் சக்தியை அதுதான் காலி செய்யும். 3க்கு இறக்கி, மிடில் குமிழை 7க்கு ஏற்றுங்கள். தனியாகக் கேட்டால் தகரம் போலிருக்கும், குழுவோடு கேட்டால் பாட்டுக்குள் தெளிவாக நிற்கும்.

பணம் செலவழித்தே தீருவேன் என்றால் முதலில் ஸ்பீக்கரைப் பாருங்கள். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும், 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் அளந்த டெசிபல் எண் ஒன்று தரவுத்தாளில் இருக்கும். செலஷன் கிரீன்பேக் 98, அதே நிறுவனத்தின் வின்டேஜ் 30 சரியாக 100. உங்கள் ஆம்ப்போடு வந்த ஸ்பீக்கர் 97 என்று வைத்துக்கொள்வோம். 100 உள்ளதை மாட்டினால் 3 டெசிபல் கூடும், அதாவது 15 வாட் ஆம்ப் 30 வாட் ஆம்ப்பாக நடந்துகொள்ளும். ஓம் எண் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். வாட் அளவு 30க்குக் குறையாமல் இருக்கட்டும், ஏனென்றால் முழுக்க உடைந்து பாடும்போது 15 வாட் ஆம்ப் தன் பெயரில் உள்ள வாட்டைத் தாண்டித் தள்ளும்.

ஆம்ப்பைத் தரையில், கணுக்காலைப் பார்த்து வைப்பதை நிறுத்துங்கள். 12 அங்குல ஸ்பீக்கரின் உயர் ஒலிகள் டார்ச் வெளிச்சம்போல நேராகப் போகின்றன. நீங்கள் “மந்தமாக இருக்கிறது” என்று டிரெபிளைக் கூட்டிக்கொண்டே போவீர்கள், முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் காது கிழியும். நாற்காலியில் ஏற்றி, உங்கள் தலையைப் பார்க்கும்படி பின்னால் சாய்த்து வையுங்கள். சபைக்குப் போகவேண்டிய சத்தத்தை மைக் பார்த்துக்கொள்ளட்டும். ஷூர் எஸ்எம்57 போன்ற ஒரு டைனமிக் மைக்கை, வலைத்துணியிலிருந்து 3 முதல் 5 சென்டிமீட்டர் தள்ளி, ஸ்பீக்கரின் நடுமூடிக்கும் கூம்பின் விளிம்புக்கும் இடைப்பட்ட இடத்தில் நிறுத்துங்கள். மிக்ஸரில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வெட்டிவிடுங்கள். கிட்டாரின் ஆறாவது கம்பியே 82 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது.

கேள்வி: எனக்கு நேரெதிர்ப் பிரச்சினை. மாஸ்டரை 1க்கு மேல் வைத்தால் அக்கம்பக்கம் கதவைத் தட்டுகிறது. 1இல் வைத்தால் தேனீ ரீங்காரம்தான் கேட்கிறது. 5 வாட் ஆம்ப்பாக மாற்றிக்கொள்ளலாமா? (பீனிக்ஸ் வாசகர்)

15இலிருந்து 5 வாட்டுக்கு இறங்கினால் 5 டெசிபல்கூடக் குறையாது. 97 டெசிபல் ஸ்பீக்கரில் ஒரே ஒரு வாட் போனாலே ஒரு மீட்டரில் 97 டெசிபல். கதவு தட்டப்படுவது நிற்காது.

தேனீ ரீங்காரத்துக்குக் காரணம் இரண்டு. மெல்லிய சத்தத்தில் மனிதக் காது அடி ஒலியையும் உச்ச ஒலியையும் சரியாகப் பிடிப்பதில்லை, நடு ஒலி மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். அதோடு, பல ஆம்ப்களில் மாஸ்டர் குமிழின் முதல் கால்பகுதிக்குள்ளேயே பெரும்பகுதிச் சத்தம் வந்துவிடுவதால், 1க்கும் 1.5க்கும் நடுவே நிறுத்துவதே கஷ்டம். எஃபெக்ட்ஸ் லூப் (முன்பகுதிக்கும் பவர் பகுதிக்கும் நடுவே பெடல் மாட்டும் ஜாக்குகள்) இருந்தால் அதன் சென்ட் ஜாக்கிலிருந்து ரிட்டர்ன் ஜாக்குக்கு ஒரு சாதாரண வால்யூம் பெட்டியை மாட்டுங்கள். மாஸ்டரை 4இல் வைத்துவிட்டு, பெட்டியால் குறைக்கலாம். செலவும் கொஞ்சம்தான். லூப் இல்லாத ஆம்ப்புக்கு அட்டெனுவேட்டர் என்ற சத்தம் குறைக்கும் பெட்டி வாங்க வேண்டும். அதை ஆம்ப்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே மாட்டுவார்கள். ஓம் எண் ஒத்துப்போக வேண்டும், ஆம்ப்பின் வாட்டைப்போல இரண்டு மடங்கு தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். வெறும் ரெசிஸ்டர் வகை, 8 முதல் 10 டெசிபல் வரை குறைக்கும்போது நன்றாகவே இருக்கும். அதற்குமேல் குறைத்தால் ஒலிக்கு உயிர் போய்விடும். அங்கே காயில் சேர்த்த வகைதான் நல்லது. அது ஸ்பீக்கரின் குணத்தைப் போலவே ஆம்ப்புக்குச் சுமை காட்டும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். சத்தத்துக்குப் பயந்து ஸ்பீக்கர் கம்பியைக் கழற்றிவிட்டு ஆம்ப்பை ஓட்டாதீர்கள். சுமை இல்லாத அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் எழும் வோல்டேஜ் அதன் சுருளையே துளைத்துவிடும், சாக்கெட்டிலும் பொறி பறக்கும். ஆம்ப்பில் விலை கூடிய பாகங்களில் அதுவும் ஒன்று. ஸ்பீக்கருக்குக் கிட்டார் கேபிளைப் போடுவதும் கிட்டத்தட்ட அதே தவறு. உள்ளே இருக்கும் மெல்லிய கம்பி சூடாகி அறுந்தால் சுமை போயிற்று. 1.5 சதுர மில்லிமீட்டர் இரட்டை வயரில் செய்த ஸ்பீக்கர் கேபிள்தான் வேண்டும்.

கேள்வி: மின்வெட்டு வந்தால் இன்வெர்ட்டரில் ஒத்திகை பார்க்கிறோம். ஆம்ப் உறுமுகிறது. கோயில் விழாவில் ஜெனரேட்டர். ஆம்ப்புக்கு ஆபத்து உண்டா? (டொங்காட் வாசகர்)

உண்டு. ஆனால் தவிர்க்கக்கூடிய ஆபத்துதான்.

முதலில் கணக்கு. ஈஎல்84 ஒன்றின் ஹீட்டர் 6.3 வோல்ட்டில் 0.76 ஆம்பியர் இழுக்கும், ஈசிசி83 ஒன்று 0.3 ஆம்பியர். இரண்டும் மூன்றும் சேர்ந்து 2.42 ஆம்பியர், அதாவது ஹீட்டருக்கே 15 வாட். பிளேட் (வால்வின் உயர் வோல்டேஜ் தகடு) பக்கம், டிரான்ஸ்ஃபார்மர் இழப்பு எல்லாம் சேர்த்தால் சுவரிலிருந்து 60 முதல் 80 வாட் போகும். ஆகவே இன்வெர்ட்டரின் அளவு பிரச்சினையில்லை, அலையின் வடிவம்தான் பிரச்சினை. மலிவான இன்வெர்ட்டர்கள் தருவது படிக்கட்டு வடிவ அலை. அந்தப் படிகளின் கூர்மையான விளிம்புகள் டிரான்ஸ்ஃபார்மரைச் சூடாக்கி உறும வைக்கும், ஒலிக்குள்ளும் ‘ஜ்ஜ்ஜ்’ என்று புகுந்துவிடும். ஃபில்டர் கப்பாசிட்டரை மாற்றினாலும் அது போகாது. பெட்டியில் ‘ப்யூர் சைன் வேவ்’ என்று எழுதியிருக்கும் இன்வெர்ட்டரை வாங்குங்கள். சாதாரண மல்டிமீட்டரை நம்பி மலிவு இன்வெர்ட்டரை அளக்காதீர்கள். படிக்கட்டு அலையில் அது 230க்குப் பதில் 180ஐ ஒட்டிக் காட்டும், உண்மை ஆர்எம்எஸ் மீட்டர்தான் சரியாகச் சொல்லும்.

ஜெனரேட்டரில் கவனிக்க வேண்டியது ஏற்ற இறக்கம். நம் மின்சாரம் 230 வோல்ட், கூடக்குறைய 10 சதவீதம், அதாவது 207 முதல் 253 வரை. வால்வு ஹீட்டரின் பொறுமையும் அதே 10 சதவீதம்தான், 5.7இலிருந்து 6.9 வோல்ட் வரை. பந்தலின் விளக்கு வரிசையை யாரோ அணைத்ததும் சின்ன ஜெனரேட்டரின் வோல்டேஜ் சட்டென்று எகிறும். ஆம்ப்பைச் செருகுமுன் சாக்கெட்டில் மீட்டரை வைத்து, விளக்குகளை ஒருமுறை போட்டு அணைக்கச் சொல்லிப் பாருங்கள். 253ஐத் தாண்டினால் அந்தச் சாக்கெட் வேண்டாம். இன்வெர்ட்டர் வகை ஜெனரேட்டரில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

மின்சாரம் போனதும் ஆம்ப்பின் சுவிட்சை அணையுங்கள், பிளக்கையும் பிடுங்குங்கள். திரும்பி வரும் அந்த நொடியில், ஊரிலுள்ள எல்லாக் குளிர்பெட்டிகளும் ஒன்றாக ஓடத் தொடங்கும்போது வரும் துள்ளல்தான் ஃபியூஸையும் டையோடையும் தின்கிறது. ஐந்து நிமிடம் பொறுத்துச் செருகினால் போதும்.

கேள்வி: மண்டபத்தில் வாசித்தால் ‘ஹ்ம்ம்’ என்று ஒரே இரைச்சல். பிளக்கின் எர்த் கம்பியைக் கழற்றிவிட்டால் போய்விடும் என்கிறார் எங்கள் கீபோர்டு வாசிப்பவர். (மெரிபேங்க் வாசகர்)

கழற்றாதீர்கள். வால்வு ஆம்ப்புக்குள் 300 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. சுவரிலிருந்து உள்ளே வரும் மின்கம்பி தளர்ந்து இரும்புச் சட்டத்தைத் தொட்டால், எர்த் இருந்தால் ஃபியூஸ் போகும். இல்லாவிட்டால் அந்த மின்சாரம் உங்கள் கிட்டார்க் கம்பி வழியாகக் கைக்கு வந்து, உதடு தொடும் மைக் வழியாக வெளியேறும். வீட்டிலுள்ளதுபோல் 30 மில்லிஆம்ப் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் அங்கேயும் காப்பாற்றும் என்று நம்பியும் இருக்காதீர்கள். மண்டபத்தின் பழைய வயரிங்கில் அது வேலை செய்கிறதா என்று யாருக்குத் தெரியும்?

இங்கே இன்னொரு கண்ணி இருக்கிறது. ஐரோப்பாவிலிருந்து வரும் சில ஆம்ப்களோடு ஷூகோ பிளக் வரும். அதற்கு எர்த் ஊசி கிடையாது, பக்கவாட்டுத் தகடுதான் எர்த். அதை இரட்டை ஊசி அடாப்டரில் திணித்தால் எர்த் தொடவே தொடாது, ஆனாலும் ஆம்ப் பாடும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. கெட்டிலுக்கும் கம்ப்யூட்டருக்கும் போடும் அதே வகை லீட், நம் ஊர் மூன்று உருண்டை ஊசிப் பிளக்கோடு, எந்த மின்கடையிலும் கிடைக்கும். அதைப் போடுங்கள்.

இரைச்சலின் காரணத்தைப் படிப்படியாகப் பிரித்துப் பாருங்கள். கிட்டார் வால்யூமைப் பூஜ்யமாக்குங்கள். இரைச்சல் போய்விட்டால் குற்றம் பிக்கப்பில். சிங்கிள் காயில் பிக்கப் விளக்கு டிம்மரையும் டிரான்ஸ்ஃபார்மரையும் பிடிக்கும், நீங்கள் கால்வட்டம் திரும்பி நின்றாலே குறையும். போகவில்லையா? கேபிளை ஆம்ப்பிலிருந்து பிடுங்குங்கள். அப்போது போனால் கேபிளோ பெடலோ. பெடல்களுக்கெல்லாம் ஒரே அடாப்டரிலிருந்து சங்கிலியாக மின்சாரம் கொடுத்திருந்தால் அங்கேதான் தேடவேண்டும். எல்லாம் பிடுங்கியும் இருந்தால் ஆம்ப்புக்குள்தான். மிக்ஸரோடு இணைத்தால் மட்டும் வருகிறது என்றால் அது எர்த் சுற்று, அதாவது இரண்டு பெட்டிகளின் எர்த்தும் ஒலிக்கம்பி வழியாக வளையமாகச் சேர்வது. ஆம்ப்பையும் மிக்ஸரையும் ஒரே சுவர்ச் சாக்கெட்டிலிருந்து எடுங்கள், லைன் அவுட் கம்பியில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பெட்டி (ஒலியை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி) வைத்து அதன் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சைத் தட்டுங்கள். எர்த்தை விலக்கவேண்டிய இடம் அந்த ஒலிக்கம்பிதான், மின்பிளக் அல்ல.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து அண்ணன் ஒரு ஆம்ப் கொண்டுவருகிறார். 120 வோல்ட். வோல்டேஜ் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டு ஓட்டலாமா? (லெனேசியா வாசகர்)

ஓட்டலாம். ஆனால் அண்ணன் இன்னும் வாங்கவில்லை என்றால் இங்கேயே 230 வோல்ட் ஆம்ப் வாங்கச் சொல்லுங்கள். ஒரு நாள் யாராவது மறந்து நேரே சுவரில் செருகினால், 300 வோல்ட் ஓடவேண்டிய இடத்தில் 575 ஓடும், ஹீட்டருக்கு 12 வோல்ட் போகும். 450 வோல்ட் தாங்கும் ஃபில்டர் கப்பாசிட்டர் வெடித்துவிடும். ஃபியூஸ் முந்திக்கொண்டால் அதிர்ஷ்டம்.

ஸ்டெப் டவுன் வாங்கினால் ஆம்ப்பின் பின்பலகையில் எழுதியுள்ள வாட்டைப்போல இரண்டு மடங்கு விஏ உள்ளதாக எடுங்கள். எர்த் ஊசி உள்ளிருந்து வெளிவரை தொடர்கிறதா என்று மீட்டரால் பாருங்கள். மலிவானவற்றில் தொடர்வதில்லை. அடுத்தது பின்பலகையில் 60 ஹெர்ட்ஸ் மட்டுமா, 50/60 ஹெர்ட்ஸா என்று பார்ப்பது. 60க்கு மட்டும் செய்த டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு, நம் 50இல் 20 சதவீதம் அதிகச் சுமை தாங்கவேண்டும், சூடாகி முனகும். 110 வோல்ட் கொடுக்கும் ஸ்டெப் டவுன் என்றால் அந்தச் சுமை 10 சதவீதமாகக் குறையும். ஹீட்டரும் 5.8 வோல்ட் ஆகும், அது எல்லைக்குள்தான். ஆகவே 120க்குப் பதில் 110 கிடைத்தால் வருத்தப்படாதீர்கள்.

கேள்வி: பவர் வால்வுக்குள் நீல வெளிச்சம் தெரிகிறது. கெட்டுவிட்டதா? பயாஸ் பார்க்கவேண்டும் என்கிறார்கள், எப்படி? (பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்)

நீலம் கண்ணாடியின் உட்சுவரில் ஒட்டினாற்போல் தெரிந்து, வாசிக்கும்போது ஆடினால் பயமில்லை. வழிதப்பிய எலக்ட்ரான்கள் கண்ணாடியில் மோதுவதால் வருவது அது, நல்ல வால்விலும் வரும். பிளேட்டுக்கு உள்ளே, உலோகங்களுக்கு நடுவே ஊதா மூட்டம் நிறைந்தால் உள்ளே வாயு புகுந்திருக்கிறது, மாற்றவேண்டும். உச்சியிலுள்ள வெள்ளிப்பூச்சு பால்வெள்ளையாகிவிட்டால் காற்றே புகுந்துவிட்டது. ஆனால் சாம்பல் நிறப் பிளேட் செங்கல் நிறத்தில் கனன்றால் பாட்டின் நடுவிலும் உடனே அணையுங்கள். கிரிட்டுக்குப் போகவேண்டிய கட்டுப்பாட்டு வோல்டேஜ் போகவில்லை என்று அர்த்தம். சாக்கெட்டின் ஊசிப்பிடி தளர்ந்திருக்கலாம், இணைப்புக் கப்பாசிட்டர் கசிந்திருக்கலாம், அல்லது வால்வுக்குள்ளேயே ஷார்ட் ஆகியிருக்கலாம். இரண்டு வால்வையும் இடம் மாற்றிப் போடுங்கள். சிவப்பு வால்வோடு நகர்ந்தால் வால்வு குற்றம், அதே சாக்கெட்டில் நின்றால் ஆம்ப் குற்றம்.

பயாஸ் என்பது, வாசிக்காதபோதும் பவர் வால்வில் எவ்வளவு மின்னோட்டம் ஓடவேண்டும் என்று நிர்ணயிப்பது. இதில் 15 வாட் ஆம்ப்கள் இரண்டு வகை. கேத்தோடு பயாஸ் என்றால் திருப்ப ஒன்றுமில்லை, ஒத்த ஜோடி வால்வு வாங்கிப் போட்டால் தானே சரிசெய்துகொள்ளும். 1950களின் கடைசியில் வந்த வாக்ஸ் ஏசி30 நான்கு ஈஎல்84இல் இதே முறையில்தான் ஓடியது. சரிபார்க்க விரும்பும் மெக்கானிக் செய்யும் கணக்கு இது: இரண்டு வால்வுக்கும் பொதுவான 130 ஓம் ரெசிஸ்டரில் 10.4 வோல்ட் என்றால் மொத்தம் 80 மில்லிஆம்ப். ஸ்கிரீனுக்கு 8ஐக் கழித்தால் 72, ஒரு வால்வுக்கு 36. பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையே 300 வோல்ட் இருந்தால் 10.8 வாட். ஈஎல்84இன் எல்லை 12 வாட், ஆகவே சூடாக ஓடுகிறது, ஆனால் எல்லைக்குள். 300 வோல்ட்தான் அந்த வால்வுக்குத் தரவுத்தாள் கொடுக்கும் எல்லை. சில புது ஆம்ப்கள் அதற்குமேல் தள்ளுகின்றன. அவற்றில் வால்வு சீக்கிரம் தேய்வது இதனால்தான், இந்த வகை ஆம்ப்பின் மெய்யான குறை என்று நாங்கள் நினைப்பதும் இதைத்தான்.

நிலையான பயாஸ் உள்ள பெரிய ஆம்ப்களில் 70 சதவீதக் கணக்கு வழக்கம். ஈஎல்34இன் எல்லை 25 வாட், அதில் 70 சதவீதம் 17.5. பிளேட்டில் 450 வோல்ட் என்றால் 39 மில்லிஆம்ப். ஈஎல்34க்கும் 6எல்6க்கும் சாக்கெட் ஒன்றுதானே என்று மாற்றிப் போடாதீர்கள். முன்னதன் ஹீட்டர் 1.5 ஆம்பியர் கேட்கும், பின்னதற்கு 0.9 போதும். டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தக் கூடுதல் பலம் இருக்கிறதா என்று பார்க்காமல் போட்டால் அது கருகும்.

அணைத்த பிறகும் கப்பாசிட்டரில் 300 வோல்ட் தங்கியிருக்கலாம். அதை இறக்கத் தெரியாதவர்கள் பெட்டியைத் திறக்க வேண்டாம். வால்வை மாற்றப் பின்பலகை போதும்.

கேள்வி: ஸ்டாண்ட்பை சுவிட்ச் (ஹீட்டரை மட்டும் ஓடவிட்டு உயர் வோல்டேஜை நிறுத்துவது) இல்லாத ஆம்ப் மட்டமானதா? (ஐசிபிங்கோ வாசகர்)

இல்லை. இந்த அளவு வோல்டேஜில் அது இல்லாமலே வால்வு நன்றாக வாழும். இருந்தால், ஓர் அரை நிமிடம் சூடாக்கவும் பத்து நிமிட இடைவேளையில் சத்தம் நிறுத்தவும் பயன்படுத்துங்கள். மணிக்கணக்கில் ஸ்டாண்ட்பையில் விடுவதுதான் கெடுதல். மின்னோட்டம் இல்லாமல் சூடாகவே கிடக்கும் கேத்தோடு மெல்ல வீரியம் இழக்கும்.

கேள்வி: கிட்டாரில் ராகம் வாசிக்கிறேன். கொஞ்சம் ஓவர் டிரைவ் வைத்தால் கமகம் அழகாக நீள்கிறது, ஆனால் சுருதிக்கு இரண்டு கம்பியைச் சேர்த்து மீட்டினால் எல்லாம் சேறாகிவிடுகிறது. ஆம்ப்பின் குறையா? (ஸ்டாங்கர் வாசகர்)

ஆம்ப்பின் குணம் அது, அதைத் தெரிந்துகொண்டால் நமக்குச் சாதகமாக்கலாம். ஒலி உடையும்போது, சேர்ந்து ஒலிக்கும் இரண்டு ஸ்வரங்களின் வித்தியாசமும் ஒரு புது ஒலியாகக் கிளம்பும். ஸட்ஜம் 220 ஹெர்ட்ஸ், பஞ்சமம் 330 என்று வையுங்கள். வித்தியாசம் 110, அதே ஸட்ஜம், ஒரு ஸ்தாயி கீழே. அதனால்தான் ஸா–பா இணைப்பு எவ்வளவு உடைந்தாலும் கம்பீரமாக நிற்கிறது. இப்போது அந்தர காந்தாரத்தைச் சேருங்கள். கிட்டாரின் ஃபிரெட்டில் அது 277. வித்தியாசம் 57. ஸட்ஜம் என்றால் 55 ஆகவேண்டும், இது ஸட்ஜமும் இல்லை, சுத்த ரிஷபமும் இல்லை. சேறு அங்கேதான் பிறக்கிறது. கம்பியை லேசாக இழுத்து வாசிக்கும் காந்தாரம் ஃபிரெட்டைவிட இன்னும் மேலே போவதால் மோசமாகும். சுருதிக்கு ஸா–பா மட்டும் வையுங்கள், மற்ற ஸ்வரங்களை ஒற்றைக் கம்பியில் பாடுங்கள். சுருதியைத் தனிச் சுருதிப் பெட்டியில், ஆம்ப்புக்கு வெளியே விட்டால் இன்னும் நல்லது.

கமகம் நீள்வதற்குக் காரணம் அழுத்தம். ஒலி உடையும்போது பலமான பகுதி அமுங்கி, அடங்கும் பகுதி மேலே வரும், ஜாரு முடியும்வரை ஸ்வரம் தாங்கும். அதற்கு அதிகக் கெயின் வேண்டியதில்லை. இன்புட் ஜாக்கை அடுத்திருக்கும் முதல் ஈசிசி83ஐ எடுத்துவிட்டு 5751 போட்டுப் பாருங்கள். முன்னதன் பெருக்கம் 100, பின்னது 70. ஊசிகள் ஒன்றே, வேறெதையும் மாற்ற வேண்டாம். இன்னும் இறங்க வேண்டுமானால் 60 பெருக்கமுள்ள ஈசிசி81. குமிழ் சட்டென்று கரகரப்புக்குப் பாயாமல் பாதித் தூரம் வரை பயன்படும். வலது கையின் பலத்துக்கு ஏற்ப ஒலி தெளிவதும் உடைவதும் அப்போதுதான் கைக்கு அகப்படும். வால்வு ஆம்ப்பின் மிகப் பெரிய பலம் எங்கள் கணிப்பில் அதுதான்.

கேள்வி: இவ்வளவு தொல்லை எதற்கு? பல ஆம்ப்களின் ஒலியைப் போலவே தரும் டிஜிட்டல் மாடலர் ஒன்று வாங்கினால் நூறு ஆம்ப்பின் ஒலி, ஹெட்ஃபோன், பை எடை. வால்வை ஏன் தூக்கிப் பிடிக்கிறீர்கள்? (ஜோகானஸ்பர்க் வாசகர்)

ஒரே இரவில் 1960களின் மெலடியிலிருந்து இன்றைய குத்துப்பாட்டு வரை முப்பது பாட்டு வாசிக்கும் கல்யாணக் குழுவுக்கு மாடலர்தான் சரி. அங்கே 15 வாட் வால்வு ஆம்ப் தோற்கும். ஒரே சேனல், கால்மிதியால் ஒலி மாறாது, 15 கிலோவை ஒட்டிய எடை, தேய்ந்துபோகும் வால்வு, ஹெட்ஃபோன் துளை பெரும்பாலும் இல்லை. திறந்த முதுகுள்ள சின்னப் பெட்டியாதலால் அடி ஒலியும் குறைவு. இவையெல்லாம் மெய்யான குறைகள். ஆனால் ஒரே ஒலியில் ஆழமாக இறங்கி, விரலின் அழுத்தத்தால் மட்டும் அதைப் பேசவைக்க நினைப்பவர், அதே ஸ்பீக்கர் முன்னால் இரண்டையும் ஒரே சத்தத்தில் வாசித்துப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும். ஹெட்ஃபோனில் ஒன்றும் அறையில் ஒன்றுமாக ஒப்பிட்டால் இரண்டுக்கும் அநியாயம்.

கேள்வி: கடற்கரைப் பக்கம் இருக்கிறோம். புது ஆம்ப், அதற்குள் குமிழைத் திருப்பினால் ‘சரசர’. சில ஸ்வரங்களில் ‘டிங்’ என்று கண்ணாடிச் சத்தம் வேறு. வெளியூர்க் கச்சேரிக்கு என்னென்ன கூட எடுத்துப்போக வேண்டும்? (அம்லாங்கா வாசகர்)

சரசரப்பு உப்புக்காற்றின் வேலை. அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, ஒவ்வொரு குமிழையும் இருபது முறை முழுக்கத் திருப்புங்கள். போகாவிட்டால் மெக்கானிக்கிடம் காண்டாக்ட் கிளீனர் அடித்து வாங்குங்கள். கதவு எண்ணெய் ஸ்பிரேயை அடித்துவிடாதீர்கள், அதன் பிசுபிசுப்பு தூசியைச் சேர்த்து நிரந்தரமாகக் கெடுக்கும். ஈசிசி83இன் ஊசிகளும் கறுத்திருக்கும். ஆறிய வால்வை மெதுவாக வெளியே இழுத்து மறுபடி அழுத்துவதை இரண்டு மூன்று முறை செய்தாலே தொடர்பு சுத்தமாகும்.

‘டிங்’ என்றால் வால்வு மைக் போல ஆகிவிட்டது. ஆம்ப் ஓடும்போது ஒரு பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொரு ஈசிசி83ஐயும் லேசாகத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் உரக்க மணி அடிப்பது எதுவோ அதுதான் குற்றவாளி. அதை முதல் இடத்திலிருந்து மூன்றாவது இடத்துக்கு மாற்றினாலே அடங்கிவிடும், கடைசி இடத்தில் பெருக்கம் குறைவு. பவர் வால்வு தலைகீழாகத் தொங்கும் காம்போக்களில் பிடிப்புக் கம்பி தளர்ந்து அதிர்வதும் இதே சத்தம் தரும். ஆறியபின் கம்பியை இறுக்குங்கள்.

பையில் வைக்கவேண்டியவை: ஒத்த ஜோடி ஈஎல்84, ஒரு ஈசிசி83, பின்பலகையில் எழுதிய அதே ஆம்பியர் அளவில் ‘டி’ எழுத்துள்ள மெதுவான ஃபியூஸ் இரண்டு, ஒரு ஸ்பீக்கர் கேபிள், ஒரு மின்லீட், ஒரு சின்ன டார்ச், சூடான வால்வைப் பிடிக்க ஒரு தடித்த பருத்தித் துணி. இன்று கிடைக்கும் புது வால்வுகளில் பெரும்பாலானவை ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா ஆலைகளிலிருந்து வருபவை. 2022இல் ரஷ்ய வால்வுகளின் ஏற்றுமதி தடைப்பட்டபோது உலகெங்கும் விலை ஏறியது. ஆகவே ஆம்ப் வாங்கும் அன்றே ஒரு ஜோடி வாங்கி, அதை ஆம்ப்பில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்து, நன்றாக இருப்பதை உறுதி செய்தபின் பெட்டியில் போடுங்கள். வாங்கியபடியே திறக்காமல் வைத்த வால்வு மேடையில்தான் முதல்முறை சோதிக்கப்படும். ஃபியூஸ் ஒரு முறை போனால் மாற்றுங்கள். இரண்டாவதும் உடனே போனால் பெரிய ஃபியூஸ் போட்டு ஓட்டாதீர்கள். பவர் வால்வுகளை வெளியே எடுத்துவிட்டு மூன்றாவதைப் போடுங்கள். அது நின்றால் வால்வு குற்றம், கையிலிருக்கும் ஜோடியை மாட்டிக் கச்சேரியைத் தொடரலாம். அதுவும் போனால் அன்றைக்கு மிக்ஸருக்கு நேரே ஒரு டிஐ பெட்டி வழியாக வாசித்துவிட்டு, ஆம்ப்பை மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.